எஸ்டீமுக்கு ரோல் பார்: ‘ஒன்றரை இஞ்ச் பைப்’ போதும் என்கிறார், போதுமா?

பழைய_எஸ்டீம்:

வணக்கம். வீட்டில் 2001 மாடல் மாருதி எஸ்டீம் கார் ஒன்று இருக்கிறது, அப்பா ஓட்டியது. விற்றால் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது, சரி, ஆட்டோகிராஸுக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே வரும்போது ஓட்டுவதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று தயார் செய்துகொண்டிருக்கிறேன். எஞ்சின், சஸ்பென்ஷன், பிரேக் வேலை முடிந்துவிட்டது. பின் சீட்டைக் கழற்றியாயிற்று. அடுத்தது ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க உள்ளே நிறுத்துகிற இரும்புக் குழாய் வளையம்.

சென்னை பாடி ஏரியாவில் கேட், கிரில் வேலை செய்யும் ஒரு ஃபேப்ரிகேட்டரைப் பார்த்தேன். ஜீப்புகளுக்குப் போட்ட அனுபவம் இருக்கிறதாம். “ஒன்றரை இஞ்ச் பைப், உள்ளே மணல் ரொப்பி கேஸ் காட்டி வளைத்தால் நசுங்காது, தரையில் நேராக வெல்டு அடித்துவிடலாம், ஆயுசுக்கும் அசையாது” என்கிறார். மற்ற இடங்களில் சொன்னதில் பாதிதான் கேட்கிறார், அதனால்தான் சந்தேகமும் வருகிறது.

என் கேள்வி: அந்தப் பைப் தாங்குமா? டிரைவருக்குப் பின்னால் நாலு கால் உள்ள பார் போதுமா, இல்லை முன்னாலும் வரும் முழு கேஜ் (கூண்டு) வேண்டுமா? நாலு பட்டை ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்) ஒன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன். இன்னொன்று, வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவதும் இதே காரில்தான்.

குழாய்க்கடை:

தம்பி, முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: ஒன்றரை இஞ்ச் என்றால் எந்த ஒன்றரை? பைப் கடையில் ஒன்றரை இஞ்ச் என்பது நாமினல் போர் கணக்கு, தண்ணீர் போகிற பாதையின் தோராய அளவு. அதன் வெளிவிட்டம் 48.3 மில்லி வரும். டியூப் கடையில் ஒன்றரை என்றால் வெளிவிட்டமே 38 மில்லி. கேட், கிரில் செய்கிறவர் சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான், அதுவும் தகட்டுக் கனத்தைச் சொல்கிற கேஜ் கணக்கில் 16 கேஜ் சுவர், அதாவது 1.6 மில்லி. மாடிப்படிக் கைப்பிடிக்கு அருமையான பொருள், வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

உலகம் முழுக்கப் பார்க்கிற விதி சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் அப்பெண்டிக்ஸ் ஜே, 253ஆம் பிரிவு. அதில் மெயின் ஹூப், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளையம், குறைந்தது 45 மில்லி விட்டம் 2.5 மில்லி சுவர், அல்லது 50 மில்லி விட்டம் 2 மில்லி சுவர். பின்னால் சாய்கிற கால்கள், குறுக்குக் கம்பி போன்றவற்றுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. கேஜ் கணக்கில் 12 கேஜ் என்றால் 2.6 மில்லி, அது சரி. 13 கேஜ் கொடுத்து “கிட்டத்தட்ட அதேதான் சார்” என்பார்கள், அது 2.3 மில்லிதான், ஏற்காதீர்கள். கையில் ஒரு வெர்னியர் எடுத்துக்கொண்டு போங்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், 38க்கு 1.6 குழாயையும் 45க்கு 2.5 குழாயையும் ஒரே இரும்பில் எடுத்துக் கணக்குப் போட்டால் இரண்டாவது வளைவதற்கு எதிராக ஏறக்குறைய இரண்டரை மடங்கு விறைப்பு. எடையோ மீட்டருக்கு 1.4 கிலோவிலிருந்து 2.6 கிலோ ஆகிறது, அவ்வளவுதான். உங்கள் காருக்கு நாலு கால் பார் என்றால் தகடு, போல்ட் எல்லாம் சேர்த்து 25 கிலோவைத் தாண்டாது. கழற்றிய பின் சீட்டை எடை போட்டுப் பாருங்கள், மனசு ஆறும்.

அடுத்து இரும்பின் வகை. விதி கேட்பது கோல்ட் ட்ரான் சீம்லெஸ் கார்பன் ஸ்டீல், இழுவிசை குறைந்தது 350 மெகாபாஸ்கல். சாதாரண ஈஆர்டபிள்யூ குழாயில் நீளவாக்கில் ஒரு வெல்டு கோடு ஓடும், வளைக்கும்போதோ அடி படும்போதோ அந்தக் கோட்டில் பிளக்கலாம் என்பதால்தான் அதைப் பல பந்தய விதிகள் ஏற்பதில்லை. நடுவில் சிடிடபிள்யூ என்று ஒன்று, நம் ஆவடியிலேயே டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவில் தயாராகிறது. வெல்டு செய்த குழாயை மறுபடி குளிர்நிலையில் இழுத்து எடுப்பார்கள், நல்ல சரக்கு. அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்சிசிஏ-வின் விதிகள் டிஓஎம் என்ற பெயரில் இந்த வகையை ஏற்கின்றன, எஃப்ஐஏ வாசகத்தில் சீம்லெஸ் மட்டும்தான். பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் கேட்டால் சீம்லெஸ் கிடைக்கும். டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாமல் வாங்காதீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் குழாயும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஜிஐ பைப் பக்கமே போக வேண்டாம், வெல்டு அடிக்கிறவருக்குத் துத்தநாகப் புகைக் காய்ச்சல் வரும், வெல்டும் உருப்படாது.

மணல் ரொப்பி கேஸ் காட்டுவது கண்டிப்பாகக் கூடாது. குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும், வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், வளைந்த இடத்தில் நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டால் சிறிய விட்டம் பெரியதில் 0.9 பங்குக்குக் குறையக் கூடாது. சைலன்ஸர் கடை பெண்டரிலும் இது வராது, சுருக்கம் விழும். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் மாண்ட்ரல் பெண்டிங் மெஷின் (குழாய்க்குள் தாங்கு கொடுத்து வளைப்பது) வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளைவை அங்கே போட்டுக்கொண்டு, வெல்டுக்கு வேறு ஆளிடம் போனாலும் தப்பில்லை.

கொடிக்காரன்:

குழாய்க்கடை அண்ணன் குழாயை முடித்துவிட்டார், நான் காலுக்கு வருகிறேன். ட்ராக் பக்கம் மார்ஷலாக நிற்கிறவன். போட்டிக்கு முன் காரைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினி ஷெட்டில் பார்த்தவரை எல்லோரும் குழாயைப் பற்றித்தான் பேசுவார்கள், அது நிற்கிற இடத்தைக் கேட்டால் முழிப்பார்கள்.

கார் கவிழ்ந்தால் வளையத்தின் மேல் விழுகிற விசை அப்படியே கால் வழியாகத் தரைத் தகட்டுக்கு இறங்குகிறது. எஸ்டீமின் தரை ஒரு மில்லிக்கும் குறைவான தகடு. 45 மில்லி குழாயை நேராக அதன் மேல் நிறுத்தி வெல்டு அடித்தால், கவிழும்போது கால் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும், வளையம் உங்கள் தலைக்குக் கிட்டே வந்துவிடும். பார் உடையவே இல்லை, ஆனாலும் பயனில்லை. அதனால்தான் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பும் 3 மில்லி கனமும் உள்ள வலுத்தகடு கேட்கிறார்கள். 12க்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் போட்டால் மெயின் ஹூப்பின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று, எம்8, 8.8 தரம். பின்னால் போகிற கால்களுக்கு இரண்டு போல்ட், 60 சதுர செ.மீ. தகடு. தகட்டைத் தட்டையான தரையில் மட்டும் வைக்காமல், கதவுக்கு அடியில் ஓடுகிற ‘சில்’ பக்கமாக மடக்கி ஏற்றினால் இன்னும் நல்லது, அங்கேதான் பெட்டி மாதிரி வலுவான பகுதி இருக்கிறது. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அந்த எண்ணைப் பொறித்துவிட்டு மட்டமான போல்ட் விற்பவர்களும் இருக்கிறார்கள், தெரிந்த கடையில் வாங்குவதுதான் வழி.

இப்போது சென்னைக்காரர்களுக்கான கேள்வி. இந்தக் கார் 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்றதா? 2001 கார் என்கிறீர்கள், கடல் காற்று வேறு. கார்ப்பெட்டை முழுக்க உரித்து, கருப்பு அண்டர்கோட்டிங்கைச் சுரண்டி, சில் ஓரமெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் முதலில் டிங்கரிங், அப்புறம்தான் ரோல் பார். துருப்பிடித்த தரையில் எவ்வளவு பெரிய தகடு வைத்தாலும் அது தகட்டோடு சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும்.

நாலு காலா, முழு கேஜா என்பது நீங்கள் எதில் ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தனியாக ஓடி நேரம் பார்க்கிற ஆட்டோகிராஸ், ட்ராக் டே இவற்றுக்கு ஒழுங்காகச் செய்த நாலு கால் பார் நல்ல தொடக்கம். டூரிங் கார் பந்தயம், ராலி என்று போனால் முன் ஹூப்பும் கதவுக் கம்பியும் உள்ள முழு கேஜ் இல்லாமல் ஷெட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ உரிமம் பெற்று ஓடும் போட்டி எதுவானாலும் அதற்கான துணை விதிகளை முதலில் படியுங்கள். கேஜ் வரைபடத்தை வெல்டு அடிக்கும் முன்பே ஸ்க்ரூட்டினியரிடம் காட்டுங்கள், அடித்த பிறகு காட்டினால் அவர் என்ன செய்வார் பாவம். பின்னாளில் முழு கேஜ் ஆக்கும் யோசனை இருந்தால் இப்போதே மெயின் ஹூப்பை விதி அளவில் போட்டுவிடுங்கள், முன் பகுதியை அப்புறம் சேர்க்கலாம்.

நாலு கால் பாரிலும் விடக் கூடாதது வளையத்துக்குள் போகிற மூலைவிட்டக் கம்பி. அது இல்லாவிட்டால் பக்கவாட்டில் விழும்போது வளையம் சாய்சதுரமாகிவிடும். பின் கால்கள் நேராக இருக்க வேண்டும், செங்குத்துக்கு 30 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும், வளையத்தின் மேல் வளைவுக்குப் பக்கத்தில் சேர வேண்டும். ஸ்பீக்கர் வைக்க இடம் வேண்டும் என்று பின் காலை வளைத்து வைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

ஜிப்ஸி_வீரன்:

ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? என் ஜிப்ஸியில் பல வருடமாக ரோல் பார் இருக்கிறது, உள்ளூர் வெல்டர் போட்டதுதான், ஏற்காடு, கொல்லி மலை எல்லாம் போய் வந்தாயிற்று. எஃப்ஐஏ விதியெல்லாம் ஐரோப்பாவில் 200 கி.மீ. வேகத்தில் போகிறவனுக்கு. நம்ம ஆட்டோகிராஸில் இரண்டாவது கியரைத் தாண்ட மாட்டோம். ஏதோ ஒன்று இருப்பது ஒன்றுமே இல்லாததைவிட மேல்தானே?

கொடிக்காரன்:

ஜிப்ஸி அண்ணா, மலைக்குப் போய் வந்தது அந்தப் பார் தாங்கும் என்பதற்குச் சாட்சி இல்லை. அதன் வேலை இன்னும் வரவே இல்லை, வராமலே இருக்கட்டும். கவிழ்வதற்குப் பெரிய வேகமும் வேண்டாம். மண் தரையில் பக்கவாட்டில் வழுக்கிப் போகிற கார் ஒரு பள்ளத்திலோ மேட்டிலோ டயர் மாட்டினால் இரண்டாவது கியரிலேயே புரளும்.

விதிப்படி சோதனையில் தேறிய வளையமே கைவிட்ட கதை இருக்கிறது. 2022 பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில் சில்வர்ஸ்டோனில் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகித் தேய்த்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? தலைக்கு மேலுள்ள ரோல் ஹூப் சிதைந்து போனது, ஓட்டுகிறவர் தலையைச் சுற்றி வருகிற ஹேலோ என்ற வளையம்தான் அவரைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு ஹூப்பின் உச்சி வட்டமாக இருக்க வேண்டும், சோதனையும் கடுமையாக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். ஃபார்முலா ஒன்னிலேயே அப்படி என்றால் 1.6 மில்லி கேட் குழாயை நம்பி யாரும் உட்கார வேண்டியதில்லை.

உங்கள் ஜிப்ஸிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சாஃப்ட் டாப்பை எடுத்துவிட்டு, நீங்கள் ஹெல்மெட்டோடு பெல்ட் கட்டி உட்காருங்கள். வளையத்தின் உச்சியிலிருந்து முன்பக்கம் உறுதியான ஓர் இடத்துக்கு நீளக் கம்பு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். எஸ்சிசிஏ விதியில் திறந்த கார்களுக்கு ஹெல்மெட்டின் உச்சியைவிட வளையம் 2 இஞ்ச், அதாவது 5 செ.மீ., உயரமாக இருக்க வேண்டும். ஜீப் வகை வண்டிகளில் அழகுக்குப் போட்ட பார்களில் பாதி, ஓட்டுகிறவர் காதுக்கு நேராகத்தான் இருக்கும்.

மருத்துவக்_குறிப்பு:

நான் காரைப் பற்றி அதிகம் அறியாதவள், தம்பி ராலி ஓட்டுவதால் இங்கே படிக்கிறேன். எமர்ஜென்சி வார்டில் வேலை. கேள்வி கேட்டவர் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன விஷயத்தை யாரும் தொடவில்லையே, தினமும் அம்பத்தூருக்கு இதே காரில் போகிறாராம்.

ஹெல்மெட் இல்லாமல், சாதாரண பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறவரின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய் இருக்கக் கூடாது. பாடி மேம்பாலத்தில் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தால் போதும், சீட் பின்னால் சாயும், தலை அந்தக் குழாயில் போய் மோதும். மண்டையோட்டுக்குக் குழாய் விட்டுக்கொடுக்காது. பந்தயத்தில் உங்களைக் காப்பாற்றுகிற அதே பொருள் அண்ணா நகர் சிக்னலில் காயப்படுத்தும். பின் சீட்டைத் திரும்ப மாட்டி யாராவது உட்கார்ந்தால் இன்னும் மோசம், அந்தக் குறுக்குக் கம்பி அவர் முகத்துக்கு நேரே.

குழாய்க்கடை:

டாக்டரம்மா சொன்னதோடு சேர்த்து: சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் பேச்சும் அங்கே போய் நிற்கும். எனவே ஒன்று, இது பந்தயக் கார், ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும். இல்லையென்றால் இது ஆபீஸ் கார், ரோல் பார் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

பழைய_எஸ்டீம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கார்ப்பெட்டை உரித்துப் பார்த்தேன். தரை பரவாயில்லை, இடது சில் பின்மூலையில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறது, டிங்கரிங் வேண்டும். ஆபீசுக்குப் பஸ்ஸோ அப்பாவின் ஸ்கூட்டரோ பார்த்துக்கொள்கிறேன், கார் ட்ராக்குக்கு மட்டும் என்று முடிவு செய்துவிட்டேன் (அம்மா இப்போதே ஷெட் இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார்).

இரண்டு சந்தேகம். கூரைக்கும் வளையத்துக்கும் நடுவில் விரல் போகிற இடம்தான் இருக்கிறது, மேல் பக்கம் எப்படி வெல்டு அடிப்பது? அப்புறம் ஹார்னஸ், ஹெல்மெட் பற்றி யாராவது சொல்லுங்கள். என்னிடம் பைக் ஹெல்மெட் இருக்கிறது, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது.

குழாய்க்கடை:

நல்ல கேள்வி, பலரும் மழுப்புகிற இடம் இதுதான். குழாயின் சுற்றளவு முழுவதும் வெல்டு வர வேண்டும் என்பது விதி, கீழ்ப்பாதியில் மட்டும் அடித்துவிட்டு மேலே பெயின்ட் பூசினால் அந்த மூட்டு பாதி மூட்டுதான். வழி என்னவென்றால் கால் நிற்கிற இடத்தில் தரையில் ஓட்டை போட்டு, முழு அமைப்பையும் சற்றுக் கீழே இறக்கி, மேல் பக்கத்தை நிதானமாக டிக் அல்லது மிக் வெல்டில் முடித்துவிட்டு, மறுபடி தூக்கி, அடியில் வலுத்தகட்டை வைத்து மூடுவது. அந்த ஓட்டையைத் தகடு தாண்டி மூட வேண்டும் என்பதால் தகட்டைப் பெரிதாக எடுங்கள். நேரம் பிடிக்கிற வேலை, மற்ற இடங்களில் கூலி இரண்டு மடங்கு கேட்பது இதற்குத்தான். ஸ்டிக் வெல்டில் அடித்துவிட்டு கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேய்த்த வெல்டு அழகாக இருக்கும், பலம் போய்விடும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது.

சுவர் கனத்தைப் பார்க்க, விசை வராத இடத்தில் 5 மில்லி அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு வைக்கும் பழக்கம் எஸ்சிசிஏ-வில் உண்டு. இங்கே கேட்பார்களோ இல்லையோ, மீந்த குழாயில் ஒரு துண்டை வெட்டி சர்டிபிகேட்டோடு வைத்திருங்கள், ஸ்க்ரூட்டினியில் கையில் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். குழாய்க்குள் பிரேக் ஆயில் லைனோ வயரோ விடாதீர்கள், அதுவும் விதியில் உண்டு.

கொடிக்காரன்:

நாலு பட்டை ஹார்னஸில் இரண்டு கால்களுக்கு நடுவில் வருகிற பட்டை இல்லை. முன்னால் இடித்தால் தோள்பட்டைகள் இடுப்புப் பெல்ட்டை மேலே இழுக்கும், உடல் கீழே வழுக்கும், பெல்ட் வயிற்றில் ஏறும். ஆறு பட்டை வாங்குங்கள், காலாவதித் தேதி பார்த்து. அதை நிற்க வைக்கச் சாயாத பக்கெட் சீட் வேண்டும், ஒரிஜினல் சீட்டில் ஹார்னஸ் கட்டினால் சீட் முதுகு உடைந்து பின்னால் போகும். தோள்பட்டைகள் மெயின் ஹூப்புக்குக் குறுக்கே போட்ட கம்பியில் கட்டப்பட வேண்டும், சீட் முதுகின் உச்சியிலிருந்து பின்னால் இறங்கும்போது 45 டிகிரியைத் தாண்டவே கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. தரையில் கொண்டுபோய்க் கட்டினால் இடிக்கும்போது முதுகெலும்பை அழுத்தும்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ரோல் பார் இல்லாமல் ஹார்னஸ் மட்டும் போடுவது ஆகாத வேலை. கூரை அமுங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் உண்டு, ஹார்னஸ் உங்களை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஹெல்மெட்டில் பைக்குக்கு ஒன்று, காருக்கு ஒன்று. ஹெல்மெட் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ என்ற முத்திரை உள்ளதை வாங்குங்கள். எம் என்று தொடங்குவது பைக்குக்கானது. எஸ்ஏ-வில் தீப்பிடிக்கும் சோதனை உண்டு, ரோல் பார் வடிவ இரும்பின் மேல் திரும்பத் திரும்ப மோதவிடும் சோதனையும் உண்டு. உங்கள் காரில் தலை மோதக்கூடியது அதுதானே. ஹெல்மெட் தொடக்கூடிய இடங்களில் குழாய் மேல் எஃப்ஐஏ 8857-2001 முத்திரை உள்ள பேடிங் சுற்றுங்கள். ஏசி குழாய்க்குப் போடுகிற கருப்பு ஃபோமைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள், கட்டை விரலால் அழுத்தினாலே இரும்பு தெரியும்.

சில் டிங்கரிங் முடிந்ததும், தகடு வைக்கப்போகிற நாலு இடத்தையும் அளவுகோல் வைத்து மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பெட்ரோல் லைனும் பிரேக் லைனும் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகின்றன, துளை போடும் முன் பார்த்துவிடலாம்.